கேபிளுக்கு முன் கடிகாரம்

சேலம், நாமக்கல் மாவட்ட உள்ளூர் சேனல் நண்பர்களுக்கு,



ஏற்காடு அடிவாரம் தொடங்கி மோகனூர்க் காவிரிக்கரை வரைக்கும் உள்ளூர் சேனல் நடத்துகிறவர்கள், ஹெட்எண்டில் இரவு கண்விழிக்கிறவர்கள், தேருக்கும் ஜல்லிக்கட்டுக்கும் நேரலை கொடுக்கிறவர்கள், கேமராவும் மிக்சரும் கடன் போட்டு வாங்கித் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன்.

சில மாதங்களாக ஒரே கேள்வியைப் பலரும் கேட்கிறீர்கள். "ஏனுங்கண்ணா, எல்லாத்தையும் ஐபிக்கு மாத்தச் சொல்றாங்க. மாத்தீரலாமுங்களா?" போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: மாற்றலாம். ஆனால் கேபிளில் கை வைப்பதற்கு முன்னால் கடிகாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோதான் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' படத்தைக் கொடுத்தது. 1940-இல் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டிய 'உத்தமபுத்திரன்' படத்தையும் கொடுத்தது. ஒரே நடிகர் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருவராக நிற்க வேண்டுமென்றால், தனித்தனியே எடுத்த இரண்டு காட்சிகள் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். படமும் ஒலியும் வேறு வேறு கருவியில் பதிவாகும்போது, கிளாப் கட்டை அடிக்கும் அந்த ஒரு கணத்தை அடையாளமாக வைத்துத்தான் எடிட்டர் இரண்டையும் சேர்ப்பார். வெவ்வேறு இடத்திலிருந்து வருவதை ஒரே நேரத்தில் கொண்டுவந்து கட்டும் வேலை சேலத்துக்குப் பழைய வேலை. சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாக இருந்த பாலிமர், தமிழ்நாடு முழுக்கத் தெரியும் செயற்கைக்கோள் சேனலாக வளர்ந்ததும் இதே மண்ணில்தான். நம்மால் முடியாத தொழில்நுட்பம் என்று இதைப் பார்த்து யாரும் மிரள வேண்டியதில்லை.

இத்தனை நாளும் நம் கன்ட்ரோல் ரூமில் அந்தக் கட்டுகிற வேலையைச் செய்தது எஸ்டிஐ கேபிள். 75 ஓம் கோஆக்ஸ், இரண்டு முனையிலும் பிஎன்சி. எச்டி படம் அதில் வினாடிக்கு 1.485 ஜிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. படமும் ஒலியும் அதில் போவது நமக்குத் தெரியும். மூன்றாவதாகத் தாளமும் போகிறது. பிட்டுகள் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வருவதால், வாங்கும் கருவி அந்தச் சீரிலிருந்தே தன் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது போதாதென்று சிங்க் ஜெனரேட்டரிலிருந்து கேமராவுக்குக் கேமரா ஜென்லாக் கேபிளும் இழுத்திருப்போம். வினாடிக்கு 25 படம், ஒரு படத்துக்கு 40 மில்லி வினாடி. நான்கு கேமராவும் ஒரே கணத்தில் அடுத்த படத்தைத் தொடங்கினால்தான் மிக்சரில் கட் சுத்தமாக விழும்.

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாவு நூல் மேலும் கீழும் பிரிந்து வழிவிடும் அந்தக் கணத்தில்தான் நாடா பாய வேண்டும். முந்தினாலும் நூல் அறும், பிந்தினாலும் நூல் அறும். தறியில் அந்த ஒழுங்கைத் தண்டும் பல்சக்கரமும் பார்த்துக்கொள்கின்றன; ஓட்டுகிறவர் நேரத்தை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. எஸ்டிஐயும் நமக்கு அப்படித்தான் இருந்தது. நேரம் கேபிளோடு சேர்ந்து இலவசமாக வந்தது. இலவசமாக வந்ததால் அதன் அருமை தெரியாமலே இருந்துவிட்டோம்.

எனக்கு அது தெரிந்தது ஓர் ஆடி மாதத்தில். ஒரு கிராமத்து மாரியம்மன் நோம்பிக்கு இரவுச் சொற்பொழிவை நேரலை செய்துகொண்டிருந்தோம். படம் கேமராவிலிருந்து வந்தது. ஒலியை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு சவுண்ட் கார்டு வழியாக விட்டிருந்தோம். முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது மணி நேரம் முடிகிற சமயத்தில் போன் வந்தது. "ஏனுங் தம்பி, அய்யா வாய மூடுன பொறவுதான் பேச்சு வருதுங்க. பாருங்க." லைனில் கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றினேன். சரியாகவில்லை. என்கோடரை நிறுத்திப் போட்டேன். சட்டென்று சரியாயிற்று. அதற்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் பிசகியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சவுண்ட் கார்டு வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்க வேண்டும். அதற்குத் தாளம் கொடுக்கும் குவார்ட்ஸ் பத்து லட்சத்தில் இருபது பங்கு வேகமாக ஓடினால், வினாடிக்கு ஏறக்குறைய ஒரே ஒரு மாதிரி கூடுதலாகச் சேரும். மலிவான குவார்ட்ஸில் அது சாதாரணப் பிசகு. ஆனால் கூடுதலாகச் சேர்ந்தது எங்கும் போகாது, வரிசையில் தேங்கும். ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடி. இரண்டு மணி நேரத்தில் 144. ஒலி படத்துக்குப் பின்னால் 125 மில்லி வினாடி தங்கினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்றும், 185-ஐத் தாண்டினால் பொறுக்க மாட்டார் என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. ஒலி முந்தினால் இன்னும் மோசம். 45 மில்லி வினாடியிலேயே உறுத்தும். போன் செய்த பெரியவரின் காது அந்தப் பரிந்துரையோடு சரியாக ஒத்துப்போயிற்று. கேபிளில் கோளாறு இருக்கவில்லை. ஒரே நிகழ்ச்சிக்குள் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் கோளாறு.

இரண்டே கடிகாரத்துக்கு அந்த நிலைமை. இப்போது உங்களிடம் மாற்றச் சொல்வது கன்ட்ரோல் ரூம் முழுவதையும்.

ஐபி என்றால் படத்தையும் ஒலியையும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக அனுப்புவது. விற்பனைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரில் சொல்வதில் பல வகை உண்டு. பெரிய நிலையங்கள் பின்பற்றுவது 2110 என்ற தரத் தொகுப்பு. திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சங்கமான எஸ்எம்பிடிஇ அதன் முதல் பகுதிகளை 2017 இறுதியில் வெளியிட்டது. இதில் படம் தனி ஓடை, ஒலி தனி ஓடை, சப்டைட்டில் போன்ற துணைத் தகவல் தனி ஓடை. ஒலி மட்டும் வேண்டுமென்றால் ஒலியை மட்டும் எடுக்கலாம். ஒரு ஃபைபரில் போக, வர இரண்டு பக்கமும் பல சிக்னல்கள் ஓடும். புதிதாக ஒரு மானிட்டர் வைக்க வேண்டுமென்றால் மேட்ரிக்ஸிலிருந்து இன்னொரு கேபிள் இழுக்க வேண்டாம். பிபிசி வேல்ஸ், கார்டிஃப் நகரத்துப் புதிய கட்டடத்தை இந்த முறையில்தான் அமைத்தது. இந்தப் பலன்கள் உண்மையானவை. அவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் அளவையும் பாருங்கள். 1080ஐ படத்துக்கு 1920 புள்ளி, 1080 வரி, வினாடிக்கு 25 படம், புள்ளிக்கு 20 பிட். பெருக்கினால் வினாடிக்கு 103 கோடியே 68 லட்சம் பிட். அதாவது கடையில் வாங்கும் ஒரு ஜிகாபிட் ஸ்விட்சில் அமுக்காத எச்டி படம் ஒன்றுகூடப் போகாது. பத்து ஜிகாபிட் போர்ட் ஒன்றில் ஒரு பக்கமாக எட்டுப் படம் போகும். அந்த ஒரு படமே வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பாக்கெட்டுகளாக உடைந்து போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஸ்விட்சில் மற்றவற்றோடு வரிசையில் நிற்கிறது. சில சீக்கிரம் வரும், சில தாமதமாக வரும். எஸ்டிஐயில் இருந்த தாளம் இங்கே உடைந்துவிடுகிறது.

உடைந்த தாளத்தை எப்படிச் சேர்ப்பது? ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் அது எந்தக் கணத்துப் படம், எந்தக் கணத்து ஒலி என்று நேரமுத்திரை குத்தி அனுப்புகிறார்கள். வாங்குகிற இடத்தில் முத்திரையைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கேமராவிலும் மைக்கிலும் மிக்சரிலும் முத்திரை குத்துகிற கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டினால்தான் அந்த முத்திரைக்கு மதிப்பு. இல்லாவிட்டால் என் சவுண்ட் கார்டு கதைதான், நூறு மடங்காக.

அந்த ஒரே நேரத்தை எல்லாக் கருவிக்கும் கொண்டுசேர்ப்பது பிடிபி என்கிற துல்லிய நேர நெறிமுறை. 1588 என்ற எண்ணில் 2002-இல் வந்த தரம் அது. 2008-இல் திருத்தப்பட்டது. ஒளிபரப்புக்கென்று அதை எப்படிப் பயன்படுத்துவது என்று 2015-இல் 2059 என்ற எண்ணில் தனி விதி வந்தது. ஒரு கருவியைச் செருகிய ஐந்து வினாடிக்குள் அதன் கடிகாரம் தலைமைக் கடிகாரத்தோடு ஒரு மைக்ரோ வினாடிக்குள் பொருந்திவிட வேண்டும் என்பது அதன் குறிக்கோள். வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எச்டி படத்தில் ஒரு வரி ஓடவே ஏறத்தாழ 35 மைக்ரோ வினாடி ஆகிறது என்றால் இதன் நுட்பத்தை யோசித்துப் பாருங்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்பதை நம் ஊர் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சேலத்துக் கடிகாரம் சரியானது என்று வையுங்கள். நாமக்கல் கடிகாரம் எவ்வளவு பிசகு என்று தெரிய வேண்டும். சேலத்திலிருந்து 10.00 மணிக்கு 'இப்போது மணி பத்து' என்று ஒரு சீட்டைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம். அது வந்து சேரும்போது நாமக்கல் கடிகாரம் 11.20 காட்டுகிறது. இந்த 80 நிமிடத்தில் பயணம் எவ்வளவு, பிசகு எவ்வளவு என்று தெரியாது. ஆகவே நாமக்கல்லிலிருந்து, தன் கடிகாரப்படி 11.30-க்கு ஒரு சீட்டைத் திருப்பி அனுப்புகிறோம். அது சேலம் சேரும்போது சேலத்துக் கடிகாரம் 12.20. இந்தப் பக்கம் 50 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 65 நிமிடம்: அது பயண நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 15 நிமிடம்: நாமக்கல் கடிகாரம் அவ்வளவு வேகம். பிடிபி செய்வது இதுதான். நான்கு நேரக்குறிப்பு, ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். ஒளிபரப்பு விதிப்படி தலைமைக் கடிகாரம் வினாடிக்கு எட்டுமுறை அந்தச் சீட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்று என்பதுதான் அது. திரும்பி வரும் பஸ் ஆண்டகளூர் கேட்டில் 20 நிமிடம் நின்றுவிட்டால்? சீட்டு 12.40-க்குத்தான் சேரும். கணக்கு 15-க்குப் பதில் 5 என்று சொல்லும். பத்து நிமிடப் பிழை, தாமதத்தில் சரிபாதி. பிழை நடந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது, ஏனென்றால் கணக்கு கணக்காகத்தான் வந்திருக்கிறது.

சாதாரண ஸ்விட்ச் அந்த ஆண்டகளூர் கேட்தான். படப் பாக்கெட் கூட்டத்துக்கு நடுவில் நேரச்சீட்டும் நின்று நின்று வரும். இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கேட்டிலேயே ஓர் ஆளை உட்காரவைத்து, அவர் தன் கடிகாரத்தைச் சேலத்தோடு சரிபார்த்துக்கொண்டு நாமக்கல்லுக்கு அவரே நேரம் சொல்வது. இதைப் பவுண்டரி கிளாக் என்கிறார்கள். இரண்டு, கேட்டில் இருப்பவர் சீட்டின் ஓரத்தில் 'இங்கே 20 நிமிடம் நின்றது' என்று எழுதி அனுப்ப, வாங்குகிறவர் அதைக் கழித்துக்கொள்வது. இது டிரான்ஸ்பரன்ட் கிளாக். நீங்கள் வாங்கும் ஸ்விட்சில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து ஜிகாபிட், நூறு ஜிகாபிட் என்று வேகத்தை மட்டும் சொல்லிவிட்டு இந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாவிட்டால் அவரிடம் வாங்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

யார் தலைமைக் கடிகாரம் என்பதைக் கருவிகள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சின்ன எண் ஜெயிக்கும். புதிதாக வரும் கருவிகளில் வழக்கமாக 128 என்று இருக்கும். யாரோ ஒரு சின்னப் பெட்டியில் அதைவிடச் சிறிய எண்ணைப் போட்டு வைத்திருந்து, அதை நெட்வொர்க்கில் செருகினால், அதன் குவார்ட்ஸ் எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் நிலையம் முழுவதற்கும் அதுவே தலைமை ஆகிவிடும். ஆகவே முதல் நாளே எண்களை நீங்களே நிர்ணயித்து எழுதி வையுங்கள்.

அடுத்தது டொமைன் எண். ஒளிபரப்பு விதி 127-ஐ எடுத்துக்கொள்ளும். ஏஇஎஸ்67 என்ற ஒலித் தரத்தில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் 0-வில் இருக்கும். எண் வேறுபட்டால் ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்காது. ஒரே அறைக்குள் படத்துக்கு ஒரு காலமும் ஒலிக்கு ஒரு காலமுமாக ஓடும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் கருவியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

மூன்றாவது 37 வினாடி. பிடிபி 1970 ஜனவரி 1-லிருந்து அணுக்கடிகார நேரத்தில் வினாடிகளை எண்ணிக்கொண்டே வருகிறது. லீப் வினாடியை அது கணக்கில் எடுப்பதில்லை. கடைசியாக 2016 டிசம்பர் முடிவில் உலக நேரத்தில் ஒரு வினாடி சேர்த்தார்கள். நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை 5.30-க்கு முந்தைய வினாடி. அதிலிருந்து இரண்டுக்கும் 37 வினாடி வித்தியாசம். அதைக் கழித்து ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் இந்திய நேரம் வரும். இந்தக் கழித்தலை மறந்தால் உங்கள் திரையில் மணி 37 வினாடி முன்னால் ஓடும்.

நான்காவது நம் ஊர் வெயிலும் இடியும். தலைமைக் கடிகாரத்துக்கு நேரம் வானத்திலிருந்து, செயற்கைக்கோளில் இருக்கும் அணுக்கடிகாரத்திலிருந்து வருகிறது. மொட்டைமாடியில் நாலா பக்கமும் வானம் தெரியும் இடத்தில் ஆன்டெனா வைக்க வேண்டும். சித்திரை வைகாசியில் இடி மின்னல் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடிதாங்கியும் எர்த்தும் இல்லாமல் அந்தக் கேபிளைக் கீழே இறக்காதீர்கள். கேபிள் நீளத்தையும் அளந்து வையுங்கள், மீட்டருக்கு நான்கைந்து நானோ வினாடி அதிலேயே போகிறது. ஆன்டெனா தொடர்பு அறுந்தால் கடிகாரம் உள்ளேயிருக்கும் குவார்ட்ஸையோ ரூபிடியத்தையோ நம்பி ஓடும். வெப்பம் ஏறி இறங்கினால் குவார்ட்ஸ் நிலைகொள்ளாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் விசிறி மட்டும் ஓடும் ஹெட்எண்டில் அதை வைத்துவிட்டு மைக்ரோ வினாடி கேட்பது நியாயம் இல்லை.

இனி, யார் மாற வேண்டும், யார் பொறுக்கலாம் என்பது.

மூன்று நான்கு கேமரா, ஒரு மிக்சர், ஒரே அறை என்று நடத்துகிறவர்கள் எஸ்டிஐயைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. உங்கள் அளவுக்கு அதைவிட நம்பிக்கையான, சிக்கனமான ஏற்பாடு இன்று இல்லை என்பது என் தீர்ப்பு. திருச்செங்கோட்டுத் தேரையோ கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையோ தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டுமென்றால், அமுக்கிய படத்தைச் சாதாரண இணைய லைனில் அனுப்பும் எஸ்ஆர்டி போதும். அறைக்குள் ஒன்றிரண்டு இணைப்புக்கு, அமுக்கிய படத்தை உள்ளூர் நெட்வொர்க்கில் அனுப்பும் என்டிஐ போதும். இவற்றை வைத்திருப்பதாலேயே யாரும் உங்களைப் பின்தங்கியவர் என்று சொல்ல முடியாது. பல அறை, பல ஸ்டூடியோ, முப்பது நாற்பது சிக்னல் என்று வளர்ந்துவிட்டவர்களும், புதுக்கட்டடம் எழுப்புகிறவர்களும் 2110-ஐ யோசிக்கலாம். அவர்கள்கூட ஒரே இரவில் மாறாமல், ஓர் அறையை மாற்றி, ஒரு வருஷ வெயிலையும் மழையையும் அதில் பார்த்துவிட்டு, பிறகு அடுத்த அறைக்குப் போகட்டும்.

அவசரம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். அரசு கேபிளுக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து வீடு வீடாக செட்டாப் பாக்ஸ் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். அனலாக் போகிறது என்ற பயத்தில், எது பொருந்தும் என்று பார்க்காமல் கையில் கிடைத்த என்கோடரை வாங்கியவர்களில் நானும் ஒருவன். அவற்றில் சில பரணில் கிடக்கின்றன. அதே தவறை இன்னும் பெரிய தொகையில் நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மாறுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதலில் ஆள். உங்கள் வீடியோ இன்ஜினியரையும் நெட்வொர்க் பார்க்கும் தம்பியையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஒருவருக்கு ஜென்லாக் தெரியும், மற்றவருக்கு மல்டிகாஸ்ட் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியாமல் இந்த வேலை நடக்காது.

இரண்டாவது, செலவில்லாத கடிகாரம். இன்றைக்கே உங்கள் கம்ப்யூட்டர், என்கோடர், ரெக்கார்டர் எல்லாவற்றையும் என்டிபி என்ற இணைய வழி நேர முறையில் ஒரே நேரத்தில் கட்டுங்கள். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தைக் காக்கிறது. அதன் நேர சர்வர் இருக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவும் நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை அந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடு பொருத்தச் சொல்கிறது. என்டிபி மில்லி வினாடிக் கணக்கில்தான் சரியாக இருக்கும். 2110-க்கு அது போதாது. ஆனால் ஒரே நேரத்தில் இருப்பது என்ற பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

மூன்றாவது, தலைமைக் கடிகாரம் இரண்டு. ஒன்று படுத்தால் மற்றொன்று எழுந்து நிற்க வேண்டும். வாங்கும்போது ஜிபிஎஸ் மட்டும் போதாது, நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களிடமிருந்தும் நேரம் வாங்குமா என்று கேளுங்கள். 2023 மே 29-இல் ஏவிய என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில் இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் அணுக்கடிகாரம் இருக்கிறது. நம் தலைக்கு மேலே நம் கடிகாரம் ஓடும்போது அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

நான்காவது, பிடிபி தெரிந்த ஸ்விட்ச், இரண்டு தனித்தனி நெட்வொர்க்காக. ஒரே பாக்கெட்டை இரண்டு வழியிலும் அனுப்பி, எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் முறைக்கு 2022-7 என்று பெயர். ஒரு ஃபைபரை எலி கடித்தாலும் படம் நிற்காது.

கேமராவும் மிக்சரும் ஐந்தாவதுதான். பெரும்பாலோர் இதை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு தேடுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் பக்கத்துக் கல்லூரிகள் வரை எத்தனையோ மாணவர்கள் மின்னணுவியல் படிக்கிறார்கள். பிடிபியைப் பழக விலையுயர்ந்த கருவி வேண்டாம். லினக்ஸில் அதற்கான இலவச மென்பொருள் இருக்கிறது. நேரமுத்திரையைத் தானே குத்தும் நெட்வொர்க் கார்டு போட்ட இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு வயரும் போதும். நான் சொன்ன பஸ் கணக்கை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே திரையில் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்சைப் போட்டு, அதில் பெரிய ஃபைல் ஒன்றை ஓடவிட்டு, கணக்கு எப்படிப் பிசகுகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பழகிய பத்துப் பேர் இருந்தால் இந்த இரண்டு மாவட்டச் சேனல்களும் சென்னையிலிருந்து ஆள் வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நண்பர்களே, நம் சேனலைப் பார்ப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் நம்மை நேராகப் பார்த்துக் கேட்பவர்கள். அவர்களுக்கு 2110 தெரிய வேண்டியதில்லை. பேசுகிறவர் வாயும் பேச்சும் சேர்ந்து வர வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றை இத்தனை வருஷமும் நமக்காகக் கேபிள் காப்பாற்றிக் கொடுத்தது. இனி அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே விலைப்பட்டியலை மடித்து வையுங்கள். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடிக்கு ஏறி, மரமும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காமல் வானம் முழுதாகத் தெரிகிற ஓர் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காதீர்கள். உங்கள் கடிகாரத்தின் ஆன்டெனாவுக்கு அதை ஒதுக்குங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

அன்புடன்,
உங்கள் தொழிலில் உங்களோடு நிற்கும் ஒருவன்,
இராசிபுரம்